ஊருக்கு அனுப்பும் பணம் எங்கே தங்குகிறது?

மாலை நான்கு மணிக்குக் கரக்பூர் நிலையத்தின் பொதுச் சீட்டுச் சாளரங்களின் முன்னே நிற்கும் வரிசையை நம் சங்கத்து அன்பர்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள். மேதினிபுரம், பாங்குரா, புருலியா மாவட்டங்களைச் சேர்ந்த இளைஞர்கள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் சுருட்டி வைத்த போர்வை. சென்னை, கோயம்புத்தூர், எர்ணாகுளம் என்று வங்காள உச்சரிப்பில் ஊர்ப் பெயரைச் சொல்லிச் சீட்டுக் கேட்கிறார்கள். சாளரத்துக்கு உள்ளே அமர்ந்து சீட்டு வழங்கும் குமாஸ்தா வேலை நமது. எந்தத் தமிழ் மண்ணை விட்டு நம் தந்தையார் பிழைப்புத் தேடி இவ்வூர்ப் பணிமனைக்கு வந்தாரோ, அந்த மண்ணுக்கே பிழைப்புத் தேடிச் செல்வோர்க்கு அவர் மகன் சீட்டுக் கொடுக்கிறான்.

இந்தச் சீட்டுகளுக்கு ஒரு பெருமை உண்டு. வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் செல்வோர் ஆண்டுக்கு எத்தனை பேர் என்று கணக்கிட முயன்ற மத்திய நிதியமைச்சகத்தார், 2016-17-ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கையில், முன்பதிவு இல்லாத ரயில் சீட்டுகளின் கணக்கையே அளவுகோலாக எடுத்துக்கொண்டனர். 2011 முதல் 2016 வரை ஆண்டுதோறும் ஏறத்தாழ 90 லட்சம் பேர் அவ்வாறு சென்றனர் என்பது அவர்கள் கண்ட முடிவு. நாம் பணியில் சேர்ந்த புதிதில் கொடுத்த சீட்டுகளும் அதில் சேர்ந்திருக்கும். ஆனால் ஆள் போனதைத்தான் சீட்டு அறியும். அவன் திருப்பி அனுப்பிய பணத்தை அறியாது. அந்தப் பணத்தைப் பற்றியே இங்கு எழுத முற்பட்டோம்.

எழுதத் தூண்டியது சென்ற பொங்கல் விழாவில் சிற்றுண்டிக்குப் பின் எழுந்த ஒரு வாதம். மூத்த அன்பர் ஒருவர், ஊருக்கு அனுப்பும் பணமெல்லாம் கிணற்றில் போட்ட கல்தான், கலியாணத்திலும் கட்டடத்திலும் கரைந்துவிடுகிறது என்றார். இளைஞர் ஒருவர் எழுந்து, அந்தப் பணம் இல்லாவிட்டால் இந்த நாடே என்றைக்கோ திவாலாகியிருக்கும் என்று மறுத்தார். இருவரும் நம் முகத்தைப் பார்த்தார்கள். நாம் வாய் திறக்கவில்லை. குடியாத்தத்துக்கு அருகே நம் ஊரில் இருக்கும் அத்தை, பூர்விக வீட்டின்மேல் ஒரு மாடி எழுப்ப இரண்டு லட்சம் ரூபாய் கேட்டிருந்த சமயம் அது. “அந்த மாடியில் யார் குடியிருக்கப் போகிறார்கள்?” என்று இல்லாள் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு மௌனமாகிவிட்டாள். வீட்டிலேயே தீராத வழக்கு சபையில் எப்படித் தீரும்?

முதலில் இளைஞரின் பக்கத்தைப் பார்ப்போம். அயல்நாடுகளில் உழைப்போர் தாயகத்துக்கு அனுப்பும் பணத்தைப் பெறுவதில் உலகிலேயே முதலிடம் இந்தியாவுக்கு. 2024-25-ஆம் நிதியாண்டில் 13,500 கோடி டாலருக்கு மேல் வந்தது. அவ்வாண்டு நம் நாடு சரக்கு ஏற்றுமதியைவிட எவ்வளவு அதிகமாக இறக்குமதி செய்ததோ, அந்தப் பள்ளத்தில் ஏறத்தாழப் பாதியை இந்தத் தொகை நிரப்பிற்று. இந்தப் பணத்துக்கு வட்டியில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டியதும் இல்லை.

இதன் அருமை 1990-91-இல் தெரிந்தது. குவைத்தை இராக் பிடித்தவுடன், ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் வேலையை இழந்து தாயகம் திரும்பினர். எண்ணெய் விலை ஏறிற்று. வெளிநாட்டு இந்தியர்கள் இங்கே வைத்திருந்த வைப்புத்தொகைகளையும் எடுக்கலாயினர். கையிருப்பிலுள்ள அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை வந்தது. 1991 ஜூலையில் ரிசர்வ் பாங்கு 47 டன் தங்கத்தை இங்கிலாந்துக்கும் ஜப்பானுக்கும் அடகாக வைக்க நேர்ந்தது. குடும்பத்தலைவன் அனுப்பும் பணம் ஒரு மாதம் நின்றால் அடுப்பங்கரையில் என்ன நடக்குமோ, அதுவே ஒரு நாட்டுக்கு நடந்தது. வேறு காரணங்களும் இருந்தன என்பது உண்மையே. ஆயினும் பாலைவனத்தில் உழைத்தவர்களின் சம்பளம் டில்லியின் கருவூலத்துக்கு எவ்வளவு வேண்டியதாக இருந்தது என்பதை அந்த ஆண்டு காட்டிற்று.

ஆனால் திவாலாகாமல் இருப்பது வேறு, வளர்வது வேறு. மூத்த அன்பரின் வாதத்துக்கு வலு சேர்க்கும் கணக்கும் இருக்கிறது. ரிசர்வ் பாங்கு 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வந்த பணத்தில் நூற்றுக்கு 59 பங்கு குடும்பச் செலவுக்கே போயிற்று. இருபது பங்கு பாங்கு வைப்பாயிற்று. நிலம், கட்டடம், பங்குப்பத்திரம் என்று முதலீடாகப் போனது எட்டுப் பங்குதான். அரிசிக்கும் துணிக்கும் மருந்துக்கும் போன பணத்தைப் பொருளாதாரம் படித்தவர்கள் நுகர்ச்சி என்று எழுதிவிட்டு, வளர்ச்சிக்கு உதவாதது என்ற தொனியில் ஒரு பெருமூச்சும் விடுகிறார்கள். நமக்கு இதில் உடன்பாடில்லை. வாங்கிய அரிசியை எவனோ ஒருவன் விளைவித்தான். துணியை எவனோ நெய்தான். அந்த எவன் எந்த ஊரில் இருக்கிறான் என்பதுதான் கேள்வி. பணம் தபாற்காரன் கொண்டுவந்து கொடுத்த ஊரில் தங்குவதில்லை. அதைக் கொண்டு வாங்கும் பொருள் எங்கே ஆகிறதோ, அந்த ஊருக்குப் போய்விடுகிறது.

இதைக் கேரளத்தில் கண்ணாரக் காணலாம். 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்ததைத் தொடர்ந்து வளைகுடா நாடுகளில் கட்டட வேலை பெருகிற்று. மலையாளிகள் பெருந்திரளாகச் சென்றார்கள். திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையத்தின் கே. சி. சக்கரியா, இருதய ராஜன் ஆகிய அறிஞர்கள் 1998-இல் வீடு வீடாகச் சென்று எண்ணும் கணக்கெடுப்பைத் தொடங்கினர். அந்த வரிசையில் 2023-இல் எடுத்த கணக்கு, ஏறத்தாழ 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருப்பதாகவும், அவ்வாண்டு அவர்கள் அனுப்பியது 2 லட்சத்து 16 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் காட்டுகிறது. மாநிலத்தின் நிகர வருமானத்தோடு ஒப்பிட்டால் இது ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம்.

இவ்வளவு பணம் வந்தும், முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கேரளத்தின் உற்பத்தி மந்தமாகவே இருந்தது. வீடுகள் எழுந்தன, நகைக்கடைகள் பெருகின. தொழிற்சாலைகள் அந்த வேகத்தில் வரவில்லை. 1980-களின் பிற்பகுதியிலிருந்துதான் வளர்ச்சி சூடுபிடித்தது. அதுவும் வாணிகம், போக்குவரத்து, கட்டடம், பள்ளி, மருத்துவமனை ஆகிய துறைகளிலேயே. நெல் விளைந்த பரப்பு 1970-களின் நடுவில் எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்தது. இன்று இரண்டு லட்சத்தை ஒட்டி நிற்கிறது. கூலி உயர்ந்தது, ஆள் கிடைக்கவில்லை, தோட்டப் பயிர் அதிக ஆதாயம் தந்தது என்று இதற்குப் பல காரணங்கள். வளைகுடாப் பணத்தின்மேல் மட்டும் பழி போடுவது முறையாகாது. ஆனால் அங்கே விளையாத அரிசியை ஆந்திரம் விளைவித்தது. காய்கறியை ஒட்டன்சத்திரத்துச் சந்தை லாரி லாரியாக ஏற்றி அனுப்பிற்று. துபாயில் ஒருவன் வெயிலில் நின்றதன் பலனைத் திண்டுக்கல் மாவட்டத்துத் தக்காளி விவசாயி கண்டான் என்று சொன்னால் அதில் மிகையில்லை.

கேரளத்துப் பாங்குகளின் கதை இன்னும் வியப்பானது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி, அங்கே நூறு ரூபாய் வைப்பு இருந்தால் அந்த மாநிலத்திலேயே கடனாகக் கொடுக்கப்பட்டது ஐம்பது ரூபாய்க்கும் குறைவு. மிச்சத்தைக் கடன் கேட்டவர்கள் வேறு மாநிலங்களில் இருந்தார்கள். அண்மை ஆண்டுகளில் இந்நிலை மிகவும் தேறியிருக்கிறது. தமிழ்நாட்டிலோ கடன் தொகை வைப்புத் தொகையையே தாண்டி நிற்கிறது. கடன் கேட்கும் பட்டறையும் ஆலையும் அங்கே இருப்பதே காரணம். பணம் அனுப்புகிறவனுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஊருக்குத்தான் அனுப்புகிறோம் என்று எண்ணிக்கொண்டிருப்பான்.

இனி, நம் சாளரத்து வரிசைக்கு வருவோம். வளைகுடாப் பணத்தால் எழுந்த வீடுகளுக்குச் செங்கல் சுமக்க முதலில் நம் தமிழ்நாட்டார் சென்றார்கள். பின்னர் தமிழ்நாட்டிலேயே கூலி உயரவே, வங்காளத்தார், ஒரியர், அஸ்ஸாமியர் அந்த இடத்துக்கு வந்தார்கள். 2013-இல் திருவனந்தபுரத்தில் நடந்த ஓர் ஆய்வு, கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் சுமார் 25 லட்சம் பேர் என்றும், அவர்கள் ஆண்டுக்கு 17,500 கோடி ரூபாய் தம் ஊர்களுக்கு அனுப்புகிறார்கள் என்றும் மதிப்பிட்டது. ஆக, அபுதாபியிலிருந்து மலப்புறத்துக்கு வந்த பணத்தின் ஒரு கூறு அங்கிருந்து மேதினிபுரத்துக்குப் புறப்பட்டுவிடுகிறது. அங்கே அது ஒரு கிழவியின் கண் அறுவைக்கோ, ஒரு சிறுவனின் பள்ளிக்கூடத்துக்கோ, பழைய கடனுக்கோ ஆகிறது.

பணம் மட்டுமே ஒரு நாட்டை வளர்த்துவிடும் என்றால் இன்று ஆசியாவில் வேகமாக வளர்ந்திருக்க வேண்டிய நாடு நேபாளம். அதன் தேசிய வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு ஈடான தொகை வெளியூர் உழைப்பாளிகளிடமிருந்து வருகிறது. 1995-96-இல் அங்கே நூற்றுக்கு 42 பேர் வறியோர். 2010-11-இல் அது 25 ஆயிற்று. இடையில் பத்தாண்டு உள்நாட்டுப் போர் நடந்தது என்பதை நினைக்கும்போது இது சிறிய காரியமன்று. பசியைத் தீர்த்ததில் அந்தப் பணத்துக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் வளர்ச்சியோ ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு என்ற அளவில்தான் ஊர்ந்தது. வாங்கும் பொருள்களில் பெரும்பகுதி வெளியிலிருந்து, முக்கியமாக நம் நாட்டிலிருந்து போகிறது. ஏற்றுமதியைப்போல் பல மடங்கு இறக்குமதி. மலைச்சரிவு வயல்கள் உழுவாரின்றிப் புல் மண்டிக் கிடக்கின்றன.

அறிஞர்களுக்குள்ளும் ஒருமிப்பு இல்லை. பன்னாட்டு நிதியத்தின் வெளியீடாக 2003-இல் வந்த ஓர் ஆய்வு, இப்பணம் பெருகிய நாடுகளில் வளர்ச்சி குறைந்தே காணப்படுகிறது என்றது. துன்ப காலத்தில் கைகொடுக்கவே இது வருகிறது, தொழில் நடத்த வருவதில்லை என்பது அவர்கள் கருத்து. உடனே நமக்கு ஓர் ஐயம்: மழை பெய்யும்போது குடை அதிகம் காணப்படுவதால் குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்று சொல்லலாமா? 2009-இல் வந்த வேறோர் ஆய்வு இன்னும் நுட்பமானது. எந்த நாட்டில் பாங்குகள் ஏழைக்கும் சிறு தொழிலாளிக்கும் எளிதில் கடன் தருவதில்லையோ, அந்த நாட்டில் இப்பணமே முதலாக நின்று வளர்ச்சியைத் தூண்டுகிறது என்று அது கண்டது. பிலிப்பைன்ஸில், 1997-இல் நாணய மதிப்பு திடீரென்று மாறியபோது, வரும் பணம் பெருத்த குடும்பங்கள் அதை என்ன செய்தன என்று டீன் யாங் என்பவர் ஆராய்ந்திருக்கிறார். பிள்ளைகளைக் கூடுதலாகப் பள்ளிக்கு அனுப்பின. சிறுவர் உழைப்பு குறைந்தது. சில குடும்பங்கள் சிறு தொழில் தொடங்கின. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நமக்கு இவ்வாய்வுகளின் சூத்திரங்கள் விளங்குவதில்லை. இவற்றின் முடிவுகளை நமக்கு விளக்கியது ஒரு தகரப்பெட்டி.

நம் தந்தையார் காலமான பிறகு அவருடைய பெட்டியைத் திறந்தபோது மணியார்டர் ஒப்புகைச் சீட்டுகள் கட்டுக் கட்டாக இருந்தன. அந்நாளில் நூறு ரூபாய் அனுப்ப ஐந்து ரூபாய் கமிஷன். பணிமனையில் சம்பளம் கைக்கு வந்த மறுநாளே தபாலாபீசில் வரிசையில் நிற்பார். ஒவ்வொரு சீட்டிலும் பாட்டியின் இடது கைப் பெருவிரல் ரேகை. மை சில மாதம் அழுத்தமாக, சில மாதம் வெளிறி இருந்தது. அவர் உயிரோடு இருந்தவரையில் அந்த ரேகை ஒரு மாதமும் தவறவில்லை. இன்று கைப்பேசியில் ஒரு நொடியில், கமிஷன் இல்லாமல், பணம் போய்ச் சேருகிறது, ரேகைதான் வருவதில்லை.

அந்தப் பணம் என்ன ஆயிற்று? முதல் சில ஆண்டுகள் வட்டிக்கடைக்காரருக்குப் போயிற்று. நிலத்தை மீட்டார்கள். ஒரு கிணறு வெட்டி, தண்ணீர் காணாமல் மூடினார்கள். பிறகு அத்தையின் திருமணம். அவ்வாண்டு அனுப்பிய தொகை வழக்கத்தைவிட இரு மடங்கு. எட்டுச் சவரன் நகை போட்டார்கள். பொங்கல் விழாவில் பேசிய பெரியவர் இதைக் கேட்டால், பார்த்தீர்களா கிணற்றில் போட்ட கல்லை என்பார். அதுவரையில் நாமும் அப்படியே எண்ணியிருப்போம்.

சிற்றப்பா தந்தையாரின் பணத்தில் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தார். இராணிப்பேட்டையில் சில ஆண்டு கூலிக்கு வேலை செய்து, சொந்தமாக ஒரு லேத்துப் பட்டறை வைக்க ஆசைப்பட்டார். கடன் கேட்டுச் சென்ற இடத்தில் ஜாமீன் கேட்டார்கள். கொடுக்க ஒன்றுமில்லை. அப்போது அத்தை, கணவரை இழந்து பிறந்தகம் வந்திருந்தவர், கேளாமலேயே எட்டுச் சவரனையும் கழற்றிக் கொடுத்தார். அடகுக்கடையில் அவை லேத்தாக மாறின. மூன்று ஆண்டில் மீட்டுக் கொடுத்துவிட்டார் சிற்றப்பா. இன்று பட்டறையில் ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் இருவர் நம் கரக்பூருக்கு அடுத்த சிற்றூர்க்காரர்கள். அவர்களுக்குச் சீட்டு எந்தச் சாளரத்தில் வாங்கினார்களோ, யார் கண்டது! ஆய்வறிக்கை எழுதுகிறவர் அந்த நகையை வீண் செலவு என்ற பத்தியில் எழுதியிருப்பார். பாங்கு நுழையாத வீட்டில் பெண்ணின் கழுத்தே பெட்டகமாக இருந்தது என்பதை எந்தப் பத்தியில் எழுதுவது?

அதற்காக எல்லாச் செலவையும் நாம் நியாயப்படுத்த வரவில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்போது கேரளத்தில் ஏறத்தாழப் பத்து வீடுகளுக்கு ஒன்று ஆளின்றிக் கிடந்தது. அவற்றில் கொத்தனுக்குக் கூலி கிடைத்தது, சிமெண்டு ஆலைக்கு விற்பனை கிடைத்தது, அத்தோடு சரி. பூட்டிய கதவு மறுநாள் யாருக்கும் வேலை கொடுப்பதில்லை.

உள்நாட்டிலேயே அனுப்பப்படும் பணத்தைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறார்கள் என்பது நமக்குப் புரியாத ஒன்று. டாலராக வந்தால் செய்தித்தாளில் இடம் உண்டு. ரூபாயாகப் போனால் இல்லை. கொங்கணத்து இரத்தினகிரியும் இமயத்துக் கடுவாலும் தலைமுறை தலைமுறையாக மணியார்டரில் வாழ்ந்த நாடுகள். 2007-08-இல் இவ்வாறு உள்நாட்டில் சென்ற பணம் சுமார் 1,000 கோடி டாலர் என்று சின்மய் தும்பே என்ற ஆய்வாளர் மதிப்பிட்டார். அதில் ஐந்தில் நான்கு பங்கு கிராமத்து வீடுகளுக்குப் போயிற்று.

இந்தப் பணத்துக்கு ஓர் உறுதி உண்டு. 2020-இல் தொற்றுநோய் பரவியபோது, இந்தியாவுக்கு வரும் பணம் நூற்றுக்கு 23 குறையும் என்று உலக வங்கி ஏப்ரலில் கணித்தது. ஆண்டு முடிவில் பார்த்தால் குறைவே இல்லை என்று சொல்லும்படி 8,300 கோடி டாலர் வந்திருந்தது. தம் வயிற்றைக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். உள்நாட்டில் உழைத்தவர்களுக்கோ அந்த வாய்ப்பும் இல்லை. வேலை நின்றது, மே முதல் நாள் தொடங்கிய தொழிலாளர் சிறப்பு ரயில்களில் 63 லட்சம் பேர் ஊர் திரும்பினர். நம் நிலையத்தில் இறங்கியவர்களின் வாளிகள் அப்படியே இருந்தன. சில மாதங்களில் அதே வாளிகளோடு திரும்பவும் வரிசையில் நின்றார்கள்.

2023 ஜூன் 2-ஆம் நாள் மாலை, நம் நிலையத்தைக் கடந்து சென்ற கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பாலேசுவரத்துக்கு அப்பால் பாகநாகா பஜாரில் விபத்துக்குள்ளாயிற்று. மாண்டவர் முந்நூறுக்குச் சற்றே குறைவு. அவர்களில் பலர் தென்னாட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அன்று மாலை நாமும் பணியில் இருந்தோம். அதன்பின் பல நாள், எர்ணாகுளம் என்று எவராவது கேட்டால் நிமிர்ந்து ஒருமுறை முகத்தைப் பார்த்துவிட்டே சீட்டைக் கொடுத்தோம்.

அத்தையின் மாடி விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் அன்பர்கள் கோபிப்பார்கள். நம் மகள் இங்கே ஆங்கிலப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. மேற்படிப்புக்கு என்று சேர்த்த தொகையே அந்த இரண்டு லட்சம். நகையைக் கழற்றிக் கொடுத்தவரிடம் இல்லை என்று சொல்ல நாவு எழவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமே தொலைபேசியில் அழைத்து, மாடி எதற்கு அத்தை என்று மெல்லக் கேட்டோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “மாடி கிடக்கட்டும் கண்ணு, சமையற்கட்டுக் கூரை ஒழுகுது. அதைச் சொன்னா நீ பத்தாயிரம் அனுப்புவே. மாடின்னு சொன்னா நீயே ஒரு தடவை வந்து பாப்பேன்னு நினைச்சேன்” என்றார்.

கூரைக்கு நாற்பதாயிரம் ஆகும் என்று சிற்றப்பா கணக்குச் சொன்னார். அதை அனுப்பினோம். வைகாசியில் நமக்கும் இல்லாளுக்கும் மகளுக்கும் சீட்டுப் பதிவு செய்திருக்கிறோம். வடகிழக்குப் பருவமழைக்குள் ஓடு மாற்றிவிடலாம் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறாராம்.